இடுப்புப் பட்டை

பனி உருகி வந்த ஓடை முழங்காலுக்கு மேல் இரைந்து பாய்கிறது. பள்ளத்தாக்கில் வேறு ஆள் இல்லை; உச்சிப் பாறையில் மட்டும் வெயில். போன வருடம் இதே கரையோடு திரும்பிப்போன பல் டாக்டர், முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றுகிறாள். காலையில் வனச்சாவடிப் பதிவேட்டில் இந்த மலையேற்ற சீசனின் முதல் பெயராக அவள் பெயர் ஏறியபோது, "தண்ணி ஜாஸ்தியா இருந்தா இந்தத் தடவையும் திரும்பிடுங்கம்மா" என்றார் வனக்காவலர். "பாக்கலாம்ணே" என்றிருந்தாள். இப்போது கைத்தடியை ஊன்றிப் பார்க்கிறாள். முழங்காலுக்குச் சற்று மேலேதான், பாதித் தொடைகூட இல்லை. "வழுக்குச்சுன்னா நீ தண்ணியோட போ, நான் வரமாட்டேன்" என்று பையிடம் சொல்லிவிட்டு இறங்குகிறாள். குளிர் எலும்பைத் தொடுகிறது. நோயாளிகளிடம் கூடவே கூடாது என்று கண்டிப்பதை இங்கே அவளே செய்கிறாள், பல்லை நறநறவென்று கடிக்கிறாள். முதலில் தடி, பிறகு ஒரு கால், அப்புறம்தான் மறுகால் என்று நகர்கிறாள். எதிர்க்கரையில் ஏறி, பட்டையை மறுபடி மாட்டுகிறாள். அத்தனை இரைச்சலிலும் அந்த 'க்ளிக்' அவளுக்குக் கேட்கிறது.