நேரில் வரவில்லை

"டோக்கன் பதினேழு!"

பட்டுப்புடவை கட்டி, தலையில் கதம்பம் வைத்துக்கொண்டு பளிச்சென்று நடந்து வந்தாள் ஒரு பெண்மணி. முகாம் கிளார்க் வேணுகோபாலுக்குச் சிரிப்பு வந்தது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க வருகிற லட்சணமா இது!

அவள் நீட்டிய ஃபைலை டாக்டர் முன்னால் வைத்தார். டாக்டர் மேல் தாளைத் தள்ளிவிட்டு நேராக ரிப்போர்ட்டுகளுக்குப் போனார்.

"ரத்தம் நார்மல். தைராய்டு நார்மல். ஸ்கேனும் நார்மல். அப்புறம் என்னம்மா?"

"சென்னை டாக்டர் எழுதியிருக்காரே சார், க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்னு. கொஞ்சம் நடந்தாக்கூட பத்து நாளு எழுந்துக்க முடியாது. தூங்கினாலும் தீராது."

"சோர்வு யாருக்குத்தான் இல்ல? எங்க லிஸ்ட்ல இப்படி ஒரு நோயே கிடையாது."

"என் வீட்டுக்காரிக்கும் இதேதான் சார். சமைக்கிற நேரத்துல மட்டும் வரும்" என்று வேணுகோபால் எடுத்துக்கொடுத்தார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எப்படிம்மா வந்தே?"

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்துக்கினு வந்தேன் சார்."

"அப்புறமென்ன நோய்?" டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார். யாரும் என் பேரே கேக்கலியே. நான் கலாவதி. வயசு நாப்பத்தொம்போது. இந்த ஃபைலு ஓரிக்கை அந்தோணி பொண்ணு திரிஷாவுது. இருபத்திரெண்டு வயசு. மேல் தாளுலயே எழுதியிருக்குது."

வேணுகோபால் எட்டிப் பார்த்தார். எழுதியிருந்தது. போட்டோகூட ஒட்டியிருந்தது.

"மூணு முகாமுக்கும் அந்தப் பொண்ணால எழுந்து வர முடியல. மூணு வாட்டியும் 'நேரில் வரவில்லை'ன்னு எழுதி மூடிட்டீங்க. நடந்து வந்தா நோயே இல்லன்றீங்க. வரலன்னா மனுவே இல்லன்றீங்க. அவ என்னதான் சார் செய்வா? ஒருவாட்டி வூட்டுக்குப் போய்ப் பாருங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மூன்று இடத்திலும் இருந்தது வேணுகோபாலின் கையெழுத்து.

"நீங்க அந்தப் பொண்ணுக்கு என்னம்மா வேணும்?" என்று வேணுகோபால் கேட்டார்.

"சொந்தம்லாம் ஒண்ணும் இல்லப்பா. போன்ல பழக்கம், நேர்ல பார்த்ததில்ல. ஃபைலை அவ அப்பாதான் கொண்டாந்து குடுத்தாரு. எனக்கும் அதே நோவுதான். இன்னிக்கு வரணும்னு பன்னெண்டு நாளா அசையாம படுத்துக்கெடந்தேன்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள் என்பதை வேணுகோபால் அப்போதுதான் கவனித்தார். பதறி எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார்.

டாக்டர் தள்ளிவிட்ட மேல் தாளை எடுத்துப் படித்தார். பிறகு, "வியாழக்கிழமை நானே ஓரிக்கைக்குப் போறேன்மா" என்று ஃபைலில் எழுதினார்.

வேணுகோபாலுக்கு மெய்சிலிர்த்தது. பன்னிரண்டு நாள் சேர்த்த தெம்பை, முகம்கூடப் பார்க்காத பெண்ணுக்காக ஒரே காலையில் கொட்டிவிட்டாளே!

"எப்படிம்மா மனசு வந்தது?"

"எங்க தெருவுல தறிக்குப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்து நீட்டுறப்ப தறிக்காரன் ஒருத்தனே நின்னா ஆவாதுப்பா. வூட்டுக்கு ஒருத்தர் வந்து புடிக்கணும். நாலு வருஷமா யார் பாவுக்கும் நான் போகல. சோம்பேறின்னு பேராயிடுச்சு. இதையாவது புடிக்கலாம்னுதான்."

"உங்களுக்கும் ஒரு மனு போடுங்கம்மா. நானே பார்த்துக்கறேன்" என்றார் வேணுகோபால்.

கலாவதி சிரித்தாள். "போன வருஷமே போட்டேன்பா. அன்னிக்கு எழுந்து வர முடியல. அதுலயும் இதே கையெழுத்துதான் இருக்குது."