இரண்டு அடுப்பான டிரம்

சவரிராஜ் வீட்டுக் கொல்லையில் ஒரு தண்ணீர் டிரம் நின்றிருந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்து தினமும் ஒரு காக்கை தண்ணீர் குடிக்கும்.

ஒருநாள் சவரிராஜ் அதை அடுப்பாக்க நினைத்துத் தண்ணீரைக் கொட்டினான். டிரம்மைப் படுக்கப்போட்டு மேல்பக்கத்தை அறுத்து, கீல் வைத்து மூடியாக்கினான். நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் புகைபோக்கி, மறுபக்கம் கேஸ் பர்னர், அடியில் காற்று போக வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் டிரம்முக்கு உயிர் போனது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டது.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு காக்கை வந்தது.

"தண்ணியா? நான் இப்ப ரெண்டு அடுப்பு! இந்தப் பக்கம் புகையில மீன் வேகும், அந்தப் பக்கம் கேஸ்ல கோழி வேகும். மீந்ததப் பொறுக்கணும்னா வா."

காக்கை பறந்துபோனது.

பற்றவைக்கும் நாளில், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மச்சான் வந்து டிரம்மைச் சுரண்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இது துத்தநாகம் பூசின தகரம். சூடேறினா விஷப்புகை வரும். இதுல சமைச்சு யாரு சாப்பிடறது?"

சவரிராஜ் அன்றைக்கே பர்னரையும் மூடியையும் கழற்றிக்கொண்டு, டிரம்மை வேலியோரம் உருட்டிவிட்டான்.

மழைக்காலம் வந்தது. டிரம் வாயைத் திறந்து வாங்கிய தண்ணீர் அத்தனையும் துளைகள் வழியே ஒழுகிப்போனது. காக்கை வந்து, டிரம்மை ஏறிட்டும் பார்க்காமல், அதனடியில் தேங்கியிருந்ததைக் குடித்தது.

"அது எங்கிட்டேர்ந்து ஒழுகின தண்ணிதான்" என்றது டிரம்.

காக்கை அலகைத் துடைத்துக்கொண்டது.

"அதான பார்த்தேன், துரு வாடை அடிக்குதேன்னு."