புஷ்ரா அடிக்க மறுத்த படம்

“ரோஜாப்பூ அடிப்பா, பட்டாம்பூச்சி அடிப்பா, பொண்ணு மாப்பிள்ளை பேரு அடிப்பா. அம்மன் படம்னா மட்டும் அடிக்க மாட்டாளாமா?”

ஜம்புலிங்கம் வாசலில் நின்றபடியே கேட்டார். தெருக் கோயில் காரியமெல்லாம் அவர் தலைமையில்தான். குரலைத் தணித்துப் பேசிப் பழக்கமில்லை. எதிர்வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்தது.

சாவித்திரி தையல் மெஷினிலிருந்து எழுந்தாள். “யாருண்ணே சொன்னது?”

“அவளே சொன்னா. வர்ற வழியில படத்தக் குடுத்துட்டு வரலாம்னு போனேன். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா.”

கொரோனா வந்து ஷூ கம்பெனிகள் மூடியதும், ஆம்பூரில் தையல் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் மாஸ்க் தைக்க உட்கார்ந்துவிட்டார்கள். சாவித்திரியும் அப்படித்தான். ஆனால் அவள் மாஸ்க்கைத்தான் எல்லோரும் தேடி வந்து கேட்டார்கள். காரணம், அடுத்த தெரு புஷ்ரா.

புஷ்ரா வீட்டிலேயே ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிறவள். சாவித்திரி துணியை வெட்டி அனுப்புவாள். கேட்ட படத்தை, கேட்ட பேரை புஷ்ரா அதில் அடித்து அனுப்புவாள். சாவித்திரி தைத்துக் கொடுப்பாள். இன்றுவரை இருவருக்கும் ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை.

இப்போது ஆடி மாதம். கோயிலில் கூழ் ஊற்றுகிறவர்களுக்கு மஞ்சள் துணியில் மாஸ்க், கன்னத்து ஓரமாகச் சின்னதாய் அம்மன் முகம். இது ஜம்புலிங்கத்தின் யோசனை.

“பஜார்ல நம்ம கோபிநாத் இருக்கான், அவன்கிட்ட குடுன்னு அப்பவே சொன்னேன். நீதான் புஷ்ரா, புஷ்ரான்னு உருகுன.”

“அவ அப்படிப்பட்டவ இல்லண்ணே. இருங்க, நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, தெருவில் இறங்கியதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அண்ணன் சொல்வதுதான் நிஜமோ?

புஷ்ரா வாசலுக்கு வந்தாள்.

“இன்னா புஷ்ரா, அண்ணன் இன்னாவோ சொல்றாரு?”

“வேற இன்னா வேணும்னாலும் அடிச்சித் தர்றேன்க்கா. அது மட்டும் வேணாம்.”

“ஏன்?”

“வேணாம்க்கா. விட்டுடுங்களேன்.”

“வீட்ல திட்டுவாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்போ உனக்கே புடிக்கலியா?”

புஷ்ரா தலையைக் குனிந்துகொண்டாள். ‘இல்லக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஜம்புலிங்கம் என்ன, ஊரையே எதிர்த்து சாவித்திரி சண்டை போட்டிருப்பாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“உன் தங்கச்சி நிக்காவுக்கு ராப்பகலா மாஸ்க் தச்சேனே, நான் அப்படி ஏதாவது பாத்தேனா? குடு என் துணிய. இனிமே உன் வழி வேற, என் வழி வேற!”

புஷ்ரா உள்ளே போய் மஞ்சள் துணிக் கட்டை எடுத்துவந்து கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும் என்று திரும்பிப் பாராமல் நடந்தாள் சாவித்திரி.

கோபிநாத் கடையில் ராஜ உபசாரம். ஜம்புலிங்கம் முந்தின நாளே அவனுக்குப் போன் போட்டிருப்பார் போல, அம்மன் படத்துக்கு ஸ்க்ரீன்கூடத் தயாராக இருந்தது.

“உக்காருங்கக்கா. இப்பவே ஒண்ணு அடிச்சிக் காட்டுறேன்.”

பலகை மேல் பரப்பியிருந்ததை ஒதுக்கினான். எல்லாம் பாத வடிவில் வெட்டிய அட்டைகள். ஷூவுக்குள்ளே காலுக்கு அடியில் வைக்கிற அட்டை. குதிகால் பக்கம் கம்பெனி பேர் அடித்த மை இன்னும் காயவில்லை. அதே பலகையில் மஞ்சள் துணியை விரித்து, அதன் மேல் அம்மன் ஸ்க்ரீனை வைத்தான். மை இழுக்கிற ரப்பர் கட்டையை ஒரு கந்தலில் துடைத்தான். அதை அப்படியே அம்மன் முகத்தின் மேல் கொண்டுபோனான்.

“இரு, இரு! இது செருப்புக்கு அடிக்கிறது இல்ல?”

“ஷூவுக்குக்கா. நம்மூர்ல பிரிண்டிங்னாலே அதான. கம்பெனி வேலை கம்மியாயிடுச்சி, அதான் இதுலயே மாஸ்க்கும் அடிக்கிறோம். தொடச்சிட்டா தெரியவா போவுது?”

“எல்லார் வீட்லயும் இதே பலகைதானா?”

“எல்லார் வீட்லயும்தான். புஷ்ராக்கா வீட்லயும் இதான்.”

சாவித்திரி துணியை வெடுக்கென்று இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் புஷ்ரா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“இதுக்காகத்தான் வேணாம்னியா?” மூச்சு வாங்கியது.

புஷ்ரா தலையை ஆட்டினாள். “எங்காளுங்க ரம்ஜானுக்குப் பிறை போட்டு மாஸ்க் கேட்டாங்க. அவங்களுக்கும் முடியாதுன்னுட்டேன்க்கா. சாமி சமாச்சாரத்த அந்தப் பலகையில வெக்க எனக்கு மனசு வரல.”

“அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி? வாய்க்கு வந்தத பேசிட்டுப் போனேனே, பாவி நானு!”

புஷ்ரா தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்காளுங்ககிட்ட காரணத்தச் சொல்லிட்டேன்க்கா. உங்க அம்மனையும் செருப்பையும் சேத்து நான் ஒரு வார்த்த சொன்னா, அது தெருவுல எப்டிக்கா போய்ச் சேரும்?”