மூன்றாவது தேதி

போஸ்டர் கடைப் பெண் இறந்தவர் பெயரைக் கேட்டாள்.

சொன்னேன்.

வேறு யாருக்கோ அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கம்ப்யூட்டரில் திறந்து, அதன் மேலேயே தட்டிக்கொண்டிருந்தாள். மாலை, குத்துவிளக்கு, மேகம் எல்லாம் அப்படியே இருக்கும். பெயரும் முகமும்தான் மாறும்.

முந்தையவரின் பெயர் எழுத்து எழுத்தாக அழிந்தது.

தங்கமாயன் என்று என் கணவர் வந்தார்.

பிறகு படம். மகள் சடங்கின்போது எடுத்தது. அவர் தோளில் என் கை இருந்தது. அதை அழித்து, சட்டையின் நிறத்தை இழுத்து நிரப்பினாள்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் மறுநாள் பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் இருக்கும். அவருக்கு ஒட்டவில்லை.

"ஜெயில்ல செத்த ஆளுக்குப் போஸ்டர் ஒட்டுனா ஊரே நின்னு சிரிக்கும் மதினி," என்றான் கொழுந்தன்.

அவர் கருகிப்போன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். அன்று மதுரையில் செம்புக் கம்பி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உட்கார இடம் கிடைத்திருந்தது. கம்பிப் பை காலடியில் இருந்தது.

நின்றுகொண்டு வந்த ஒருவன் தன் பையை நீட்டியிருக்கிறான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் செய்வதுதான். உள்ளே என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதை இல்லை.

செக்போஸ்ட்டில் போலீஸ் ஏறியது. நீட்டியவன் பின்வாசல் வழியாக இறங்கிப்போனான்.

பையில் பதினோரு கிலோ கஞ்சா.

யாருடைய பை என்று கேட்டார்கள். அவர் பஸ்ஸுக்குள் அவனைத் தேடிப் பார்த்துவிட்டு, "நான்தான் வச்சிருக்கேன் சார்," என்றாராம்.

அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருக்கிற ஆள் அப்படித்தான் பேசுவார். அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஏழு வருடம் போட்டார்கள்.

பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்றையே சொல்வார்.

"குடுத்தவன் ஒருநா வந்து கேப்பான்ல புள்ள. பைய யாரும் அப்படியே விட்டுட்டுப் போவானா?"

மூன்றாம் வருடம், ஒரு மதியம், சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மேல்கோர்ட்டில் போட்டிருந்த அப்பீல் அவரோடு முடிந்துவிடும் என்றார் எங்கள் வக்கீலம்மா. முப்பது நாளுக்குள் மனைவி மனுப் போட்டால் மட்டும் தொடர்ந்து நடக்கும்.

பன்னிரண்டாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே வாசற்படி தாண்டியவள் என்று பேச்சு வந்தது.

"செத்தவனுக்கு ஜாமீன் எடுக்கப் போறாளாம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, எனக்குக் கேட்கும்படியாகவே.

இரண்டரை வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

பை கைமாறியதைப் பார்த்தேன் என்று கண்டக்டர் கீழ்க்கோர்ட்டிலேயே சொல்லியிருந்தார். அங்கே அதை எடுத்துக்கொள்ளவில்லை. மேல்கோர்ட்டு எடுத்துக்கொண்டது. நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம் என்று நீதிபதி எழுதியிருந்தார். மடியில் வைத்திருந்தவருக்கு உள்ளே இருந்தது தெரியும் என்பதற்குச் சாட்சி எதுவும் இல்லை. அவர் குற்றவாளி அல்ல.

வேறு வழக்கு இல்லையென்றால் உடனே விடுதலை செய்யவும் என்று கடைசி வரி. எல்லாத் தீர்ப்பிலும் வருகிற வரிதானாம்.

உடனே.

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

தீர்ப்பை ஊரில் யாரும் வாங்கிப் படிக்கப்போவதில்லை. சுவரைப் படிப்பார்கள். அதற்காகத்தான் இங்கே வந்தேன்.

மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். தோற்றம், மறைவு, விடுதலை.

தாளை எடுத்துப் படித்தாள். என்னைப் பார்த்தாள். தட்டி முடித்து, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு தேதிய மாத்தி எழுதிட்டீக. நானே சரி பண்ணிட்டேன்க்கா."

குனிந்து படித்தேன்.

தோற்றம்: 9.5.1968
விடுதலை: 14.8.2019
மறைவு: 3.2.2022

செத்த பிறகுதான் விட்டார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். எழுதியது சரிதான், இருந்தபடியே போடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

திரையில் இருக்கிறபடி, 2019 ஆகஸ்ட்டில் வெளியே வந்திருக்கிறார்.

மூன்று தீபாவளி வீட்டில் இருந்திருக்கிறார். பட்டறையைத் திறந்திருப்பார். ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுச் சூடாக இல்லை என்று சொல்லியிருப்பார்.

மகள் கல்யாணம் 2021 தையில். அதுவும் அதற்குள் வந்துவிடுகிறது. தாரை வார்த்துக் கொடுத்தது கொழுந்தன் இல்லை.

"அடிச்சிரவாக்கா? இருநூறு தாள்தான?"

அவள் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"கொஞ்சம் பொறும்மா," என்றேன். "இப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்."