ஏறாத கோடு

"கிரஷர் வாசல்ல இருக்கிற வீட்டுல தூசியே இல்லையாம். நாலு தெரு தள்ளி இருக்கிறவன் வீட்டுல நாப்பது புள்ளியாம். காத்துக்கு உன் மேல மட்டும் அப்படி என்ன கரிசனம்?"

எழுந்து நின்றவளைப் பார்த்து அறிவியல் டீச்சர் கேட்டதும் ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. சிரிக்காவிட்டால் அடுத்த கேள்வி தங்கள் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். அவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் முட்டை டீச்சர். சைபர் போடுவதில் அவர் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

விஷயம் இதுதான். வாஸ்லின் களிம்பு தடவிய வெள்ளை அட்டையை வீட்டு ஜன்னலில் வைக்க வேண்டும். மறுநாள் காலையில், அட்டையில் போட்ட கட்டத்துக்குள் எத்தனை தூசி ஒட்டியிருக்கிறது என்று லென்ஸ் வைத்து எண்ண வேண்டும். துடைத்துவிட்டு, திரும்பத் தடவி வைக்க வேண்டும். இப்படிப் பதினைந்து நாள். பிறகு கிராஃப். எல்லோருடைய கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஊர்க் காற்றின் லட்சணம் தெரிந்துவிடும்.

தெரிந்தது. எல்லாக் கோடும் ஏறியது. கல் உடைக்கும் கிரஷருக்கு லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. இவள் கோடு மட்டும் மூன்று, நான்கு, மூன்று என்று தரையிலேயே படுத்துக் கிடந்தது.

"உட்கார்ந்த இடத்துலயே மனசுக்குத் தோணினதை எழுதிட்டியா?"

"எண்ணித்தான் எழுதினேன் டீச்சர்."

"பொய் வேற. நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா."

நோட்டில் பெரிதாக ஒரு முட்டை விழுந்தது. அதன் கீழே சிவப்பு மையில், 'பொய்க் கணக்கு.' அவள் நோட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபடியே போய் உட்கார்ந்தாள். அந்த அழுத்தம் டீச்சருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் மதிய இடைவேளையில் அம்மா வந்தாள். கிரஷரில் ஜல்லி அள்ளுகிறவள். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தாள். புருவத்திலும் காது மடலிலும் சாம்பல் நிறத்தில் கல் தூள் அப்பியிருந்தது. நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே பேசினாள்.

"அவ பொய் எழுதல டீச்சர். நான்தான் துடைச்சேன்."

"எதை?"

"அந்த அட்டையை. அவ ஆறு மணிக்கு எந்திரிப்பா. அதுக்குள்ள நான் துடைச்சு, புதுசா தடவி வெச்சிடுவேன். சுத்தமா இருந்தா சந்தேகப்படுவாளேன்னு மூணு நாலு தூசி மட்டும் விட்டு வைப்பேன்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது, எதுக்கு இந்த வேலை?"

"அவங்கப்பாவும் இதே கிரஷர்தான். போன வருஷம் நெஞ்சுல தூசி அடைச்சுத்தான் போனாரு. அட்டையில தூசி கூடுதுன்னு தெரிஞ்சா இவ சும்மா இருக்க மாட்டா. 'நீ போகாதம்மா, நான் படிப்பை விட்டுட்டுக் கடைக்கு வேலைக்குப் போறேன்'னு நிப்பா. ஒரு தடவை யூனிஃபார்மை மடிச்சு வெச்சிட்டுக் கிளம்பியே போயிட்டா. கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன்."

"உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர். முட்டை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பொய்க்காரின்னு மட்டும் எழுத வேண்டாம்."

அம்மா போன பிறகு டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தள்ளி வைத்தார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மகளைக் கூப்பிட்டு நோட்டை வாங்கினார்.

"நீ அட்டை வெச்ச இடம் சரியில்லை போல. உன் மேல தப்பில்லைம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

முட்டையை அடித்தார். சிவப்பு எழுத்தையும் அடித்தார். நோட்டை மூடப் போனபோது கடைசிப் பக்கம் தானாகத் திறந்தது. அங்கே இன்னொரு கிராஃப்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே பதினைந்து நாள். ஏழு, ஒன்பது, பதிமூன்று என்று கோடு ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி, மறுபடி ஏறி, முப்பத்தொன்றில் போய் நின்றது. மேசை மேல் கிடந்த நாலு தெரு தள்ளி இருக்கிறவனின் கிராஃபைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏற்றமும் இறக்கமும் அச்சாக அப்படியே இருந்தன.

"அப்போ சரியான கணக்கும் உன்கிட்ட இருக்கு! இன்னொரு அட்டையை வேற எங்கேயாவது வெச்சியா? நேத்தே இதைக் காட்டியிருந்தா நான் உன்னை அவ்வளவு பேசியிருப்பேனா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"அம்மா துடைக்கிறது எனக்கு ரெண்டாவது நாளே தெரியும் டீச்சர். அதுக்காக இருட்டுல எந்திரிச்சு, பார்த்துப் பார்த்து மூணு தூசி விட்டு வைக்கிறாங்க. நான் போட்டு உடைச்சுட்டா அவங்க தாங்க மாட்டாங்க. அதான் அந்த மூணையே எழுதினேன்."

டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கப் பழைய பழக்கமே கைகொடுத்தது. கிராஃபின் மேல் விரலை வைத்தார்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கிராஃபுக்கு அச்சுக்கோடு போட்டா அது எதோட எண்ணிக்கைன்னு பக்கத்துல எழுதணும்னு? இது எந்த இடத்துத் தூசின்னு யாருக்குத் தெரியும்?"

"அது தூசி இல்ல டீச்சர். ஒவ்வொரு நாளும் நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, அம்மா தலையணையில வாயைப் பொத்திக்கிட்டு எத்தனை தடவை இருமினாங்கன்னு எண்ணினது."