கல்ச்சர் மூட்டை

"என்னம்மா இது? சிங்கப்பூர் போற பெட்டியா, வாரச் சந்தைக்குப் போற மூட்டையா?"

பிரின்சிபால் கிருஷ்ணவேணி மேடம், வேர்க்கடலையை வெல்லப் பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டைப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார். செத்த எலியைக்கூட யாரும் அவ்வளவு அருவருப்பாகத் தூக்கமாட்டார்கள். சங்கவியின் பெட்டி பள்ளி வராந்தாவில் எல்லார் முன்னாலும் வாய் பிளந்து கிடந்தது.

பரிமளாவுக்கு மானம் போயிற்று. காணை கிராமத்தில் கரும்பு போடுகிற குடும்பம். மகள் சங்கவியை விழுப்புரத்தில் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்ததே ஊரில் பெரிய பேச்சு. இப்போது பதினோராம் வகுப்பில் 'வெளிநாட்டுக் கல்வி கலாச்சாரச் சுற்றுலா' வேறு.

"அதுக்கு ரொட்டி ஒத்துக்காதுங்க மேடம். வாந்தி எடுத்துடும். அதான் நாலு உருண்டை..."

"அங்க போயும் மல்லாட்டை தின்னா எதுக்கும்மா ஃபாரின் போகணும்? எக்ஸ்போஷர்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கெல்லாம் சொன்னா புரியாது."

பரிமளாவுக்குப் புரியத்தான் செய்தது. எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்திக் களையெடுக்க அனுப்பப்பட்டவள் அவள். சிங்கப்பூரில் ஒரு பள்ளி மேடையில் விழுப்புரத்தைப் பற்றி மகள் இங்கிலீஷில் பேசப் போகிறாள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இத்தனையையும் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு மாதமாகச் சங்கவி அந்தப் பேச்சை மாட்டுக்கொட்டகை வரைக்கும் போய்ச் சொல்லிப் பார்த்திருந்தாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் பரிமளாவுக்கே அதில் பாதி மனப்பாடம்.

உருண்டை வெளியே வந்த இடத்தில் மேடம் ஒரு வெள்ளைப் பையைத் திணித்தார். ஒவ்வொரு பிள்ளையின் பெட்டியிலும் அப்படி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. காலையில் திண்டிவனத்திலிருந்து மேடத்தின் சொந்தக் காரில் வந்திறங்கிய பைகள். மேலே ஆங்கிலத்தில் 'கல்ச்சர் கிட்' என்று பளபளவென ஒட்டியிருந்தது.

அந்தப் பையின் வாய் சரியாகக் கட்டப்படவில்லை. உள்ளே துவைத்துத் துவைத்து நைந்துபோன நூல் புடவை ஒன்று மடித்து வைத்திருந்தது. அதற்கடியில் பூண்டும் சுக்கும் மணத்தன.

"இன்னாங்க மேடம், பழைய பொடவ கீது?"

"எக்ஸிபிஷனுக்கும்மா. நம்ம கைத்தறி, நம்ம நாட்டு மருந்து எல்லாம் அங்க ஸ்டால் போட்டுக் காட்டணும்."

"காட்டறதுக்குப் புதுசா வெக்கலாமே?"

"பழசா இருந்தாத்தாம்மா அதுக்குப் பேரு ஹெரிடேஜ்!"

சுற்றி நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் பலமாகச் சிரித்தார்கள். மேடம் சிரித்தால் சிரிப்பதும் முறைத்தால் முறைப்பதும்தான் அந்தப் பள்ளியில் பெற்றோருக்கான பாடத்திட்டம்.

பரிமளாவின் புருஷன் ராஜவேலு மெல்ல வாயைத் திறந்தான். "பரிட்ச முடிச்சிக்கினு மே மாசம் போனா புள்ளைங்களுக்கு நல்லாருக்குமேங்க?"

"கல்ச்சருக்கு லீவெல்லாம் கிடையாது சார். இந்த வாரமே போயாகணும். தள்ளிப் போட்டா பிரயோஜனமே இல்லை." மேடத்தின் குரல் ஏறியது. "இஷ்டம் இல்லேன்னா சொல்லிடுங்க. சங்கவி பேரை இப்பவே எடுத்துடறேன். வர்றதுக்கு ஆளா இல்லை?"

"ஐயோ, வாணாங்க மேடம்! அவரு ஏதோ தெரியாம கேட்டுட்டாரு."

பரிமளா பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றித் தானே அழுத்தி மூடினாள். உருண்டைப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஏர்போர்ட் வேன் கிளம்பியபோது மகளுக்குச் சரியாகக் கையாட்டக்கூட அந்தக் கை ஒழியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீடியோ காலில் சங்கவி வந்தாள். அன்றைக்குத்தான் மேடைப் பேச்சு. பரிமளா தெருப் பெண்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்து, செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். மேடம் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட மல்லாட்டை உருண்டைதான் வந்தவர்களுக்குப் பலகாரம்.

"பேசினியா பாப்பா? கை தட்டுனாங்களா?"

"இல்லம்மா. அந்த ஸ்கூலுக்கே போவல."

பரிமளாவின் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்து வீட்டு வீரம்மாள் உருண்டை கடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"சரி, மியூசியமாச்சும் பாத்தீங்களா?"

"அதுவும் இல்லம்மா."

"பின்ன மூணு நாளா அங்க இன்னாதான்டி பண்ணிக்கினு கீறீங்க?"

"பூண்டு உரிச்சோம். எல்லாரும் சேந்து."

பரிமளாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனில் சங்கவிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நீளமாக ஒரு நடை தெரிந்தது. சுவரோரம் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூட டையோடு தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள்.

"எந்த எடம்டி அது?"

"ஆஸ்பத்திரிம்மா."

பரிமளா செல்போனை டப்பாவிலிருந்து பிடுங்கி முகத்தருகே கொண்டுவந்தாள். மேடத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஐயோ சாமி, யாருக்கு இன்னா ஆச்சி? ஜல்தி சொல்லுடி! மேடம் நல்லாத்தான கீறாங்க?"

சங்கவி கழுத்து டையை வெறுப்போடு இழுத்துத் தளர்த்தினாள்.

"மேடம் பாட்டி ஆயிட்டாங்கம்மா."