சூடு வெளியே போகாமல்

கருவாடு பொரிந்தும் பூனை வரவில்லை.

அவள் கரண்டியால் சட்டியின் விளிம்பைத் தட்டிப் பார்த்தாள். மற்ற நாட்களில் எண்ணெய் காயும்போதே காலைச் சுற்றும். முந்தானையைப் பிறாண்டும். திட்டு வாங்கும்.

இன்று சத்தமே இல்லை.

சமையலறைத் தரையில் நாய்தான் கிடந்தது, வாலை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டு. கதவைத் திறந்துவிட்டும் அது முன்னறைக்குள் போகவில்லை. அறையின் நிலைப்படி வரை போனது. மோந்தது. திரும்பி வந்து குளிர்ந்த சிமெண்டிலேயே படுத்துக்கொண்டது.

"கிட. உனக்குக் குடுத்து வைக்கலை."

தை பிறந்து ஒரு வாரம். நான்கு நாளாக எஸ்டேட்டில் உறைபனி. வரிசையாக ஒட்டிக் கட்டிய அவர்களுடைய லைன் வீட்டின் தகரக் கூரை, குளிரை அப்படியே கீழே இறக்கியது.

இன்றைக்குத்தான் வீடு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

எல்லாம் அவள் கணவன் சிவனுவின் வேலை. எதையும் தூக்கி எறியாத மனிதன். கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்து மகளுக்குக் காலுறை பின்னியவன். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று மதியம் முழுக்க உட்கார்ந்து, அரிசிச் சாக்குகளை இரட்டையாகத் தைத்து ஜன்னலில் ஆணி அடித்தான். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் பழைய சேலைத் துண்டுகளைத் திணித்தான். வாசல் கதவடியில் துணி. பேக்கரியில் கொட்டவிருந்த அடுப்புக்கரியைக் கேட்டு வாங்கிச் சுமந்து வந்து, பிடி உடைந்த இரும்புச் சட்டியில் கணப்பு மூட்டினான்.

வெளியே வைத்து ஊதினான். கரி நன்றாகச் சிவந்த பிறகே உள்ளே தூக்கி வந்தான்.

"பாரு, துளிப் புகை இருக்கா?"

அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. அவளும் சிரித்தாள்.

சற்று முன்னால் மகள் நிரோஷா எழுந்து சமையலறைக்கு வந்தாள். ஏழு வயது. தலை வலிக்குதும்மா என்றாள்.

"பசி. இதோ ஆச்சு. போய் அப்பாகூட கணப்புகிட்ட உக்காரு."

அனுப்பி வைத்தவள் அவள்தான்.

சோற்றுக் குண்டானோடு அறைக்கதவைத் தோளால் தள்ளினாள். சூடு முகத்தில் வந்து மோதியது. மூன்று தட்டுகளை எடுத்து வைத்திருந்தான். மகள் கம்பளிக்குள். அவன் சுவரில் சாய்ந்தபடி. பூனை கணப்பை ஒட்டிக் கால்களை நீட்டியிருந்தது.

பார்க்க எவ்வளவு நிறைவாக இருந்தது.

ஒரு கருவாட்டுத் துண்டைப் பூனையின் மூக்கருகே கொண்டுபோனாள்.

மூக்கு அசையவில்லை.

தூக்கினாள். தலை அவள் கையை விட்டு வழுக்கித் தொங்கியது.

"என்னங்க."

அவன் கண்ணைத் திறந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாக்கு புரளவில்லை.

"நிரோ. ஏ நிரோ!"

குண்டான் கவிழ்ந்தது.

மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கதவை இழுத்தாள். அடியில் திணித்த துணி விடவில்லை. குனிந்து பிடுங்கினாள். மறுபடி இழுத்தாள். திறந்தது. பனி உள்ளே பாய்ந்தது.

மகளை ஈரத்தரையில் கிடத்தினாள். உள்ளே ஓடினாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் தவழ்ந்து தவழ்ந்து வந்தான்.

மகளின் கன்னத்தில் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

நிரோஷா வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவள் தட்டுவதை நிறுத்தினாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நாய் பின்பக்கமாகச் சுற்றி வந்து பிள்ளையின் காலை நக்கியது.

"புகையே இல்லையே" என்றான் அவன்.

திறந்த கதவு வழியாகக் கணப்பைப் பார்த்தபடி மறுபடியும் அதையே சொன்னான்.

பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பூனையை எடுத்து வந்தான். அதை ஸ்வெட்டருக்குள் விட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பொத்தான் போட்டான். வெளியே தெரிந்த வாலைத் தடவிக்கொண்டே இருந்தான். அது அசையவில்லை.

அவள் மகளின் முகத்தைத் துடைத்தாள். திட்ட வாய் வரவில்லை. நாளைக்கு வரும்.

படிக்கட்டில் டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. ராசமலர். இதே வரிசையில் கடைசி வீட்டுக்காரி. கையில் பால் பாக்கெட்.

"ஐயோ, இந்தப் பனியில பிள்ளைய வச்சுக்கிட்டு என்னக்கா பண்றீங்க?"

ராசமலர் டார்ச்சைத் தாழ்த்தினாள்.

"குளிரா இருந்தா நம்ம வீட்டுக்கு வாங்க. அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரியே நானும் சாக்கு அடிச்சு, கணப்பு போட்டு வச்சிருக்கேன். கடையில ஒரு மணி நேரம் நிக்க வச்சுட்டான். சின்னதுங்க ரெண்டும் நான் கிளம்பும்போதே தூங்கிருச்சுங்க. எங்க அத்தைகூட அசந்துட்டாங்கன்னா பாத்துக்கங்க."

அவள் மகளை ராசமலரின் கையில் திணித்தாள்.

சிவனு அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தான். நான்கு அடியில் விழுந்தான். எழுந்தான். அவள் அவனைத் தாண்டி ஓடினாள்.

"என்னக்கா? என்ன?" பின்னால் ராசமலரின் குரல்.

கடைசி வீட்டு ஜன்னலில் ஒரு கீற்று வெளிச்சம்கூடக் கசியவில்லை.